ஆற்று மட்டத்துக்குக் கீழே நான் எழுதியவை

என் கணவர் வால்டெமார் முப்பது வருடம் நகராட்சியின் தண்ணீர் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருக்கும் இரைச்சலில் யாரும் பேச முடியாது. பேசாமல் இருந்தே பழகிவிட்டு, வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டார். மாத்தே என்கிற எங்கள் கசப்புத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினால் வாங்குவார், உறிஞ்சுவார், திருப்பிக் கொடுப்பார். எங்கள் சம்பாஷணை அவ்வளவுதான்.

ஆனால் பதினோரு வருடமாக வலைப்பதிவு மட்டும் எழுதுகிறார். தினமும் காலையில் எங்கள் ஊரான பாய்சாந்தூவின் துறைமுகத்துக்குப் போய் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஐந்து மீட்டர் இருபது. தெற்குக் காற்று. மீன் இல்லை" என்று மூன்று வரி. தலைப்புகூடக் கிடையாது. கரையோரத்துக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து படிப்பார்கள். அவர் ஆரம்பித்த மாதமே ஒருநாள் நானும் படித்தேன். இருந்த கடுப்பில் கீழே ஒரு பின்னூட்டம் போட்டேன்: "எழுதினது போதும். அரிசி வாங்கச் சொன்னேனே?" அடுத்த அறையில் தட்டும் சத்தம். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: "மறந்துட்டேன். போறேன்." சாப்பாட்டு மேசையில் மூன்று தடவை கேட்டும் வாயைத் திறக்காத மனிதர்!

அன்றிலிருந்து எங்கள் குடும்பமே அங்கேதான் நடந்தது. என் முழங்கால் ஆபரேஷன், கூரை ஒழுகல், ஒரே மகன் காஸ்தோன் ஸ்பெயினுக்குக் கிளம்பியது, எல்லாச் சண்டையும் ஆற்று மட்டத்துக்குக் கீழேதான் போட்டோம்.

போன மார்ச்சில் அந்த வலைப்பதிவு நிறுவனம், இரண்டு வாரத்தில் கடையை மூடுகிறோம், அவரவர் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் அனுப்பியது. வேறு நல்ல இடம் எவ்வளவோ இருந்தது. இவரா கேட்பார்? கருப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் அசையும் ஒரு கருவியைத் தேடிப் பிடித்தார்.

"பட்டன் அமுக்குறதெல்லாம் லிஃப்ட்ல போறவனுக்கு" என்றார். அந்த வாரம் அவர் வாயால் சொன்ன ஒரே வாக்கியம் அது.

புதிதாக எழுதினால் அந்தக் கருவி சமர்த்தாக வாங்கிக்கொண்டது. பழையதைக் கொண்டுவரச் சொன்னால்தான் உயிரை வாங்கியது. தலைப்பு இல்லையா, ஏற்கமாட்டேன் என்றது. தேதியையே தலைப்பாக வைத்தார். தேதியில் மாதத்தை நாளாகவும் நாளை மாதமாகவும் படித்து, ஆற்றில் இல்லாத வெள்ளத்தையெல்லாம் வரவழைத்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லைக் காட்டியது. பத்து நாள் வீட்டில் இருந்ததெல்லாம் விசைப்பலகையைக் குத்தும் சத்தமும் அவருடைய பெருமூச்சும்தான். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

திங்கட்கிழமை "பிழை எதுவும் இல்லை" என்று திரையில் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலாயிரம் பதிவுகள் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்தேன். கீழே வெறிச்சென்று கிடந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"நான் எழுதினது எங்க?"

"பின்னூட்டமெல்லாம் இந்தக் கருவியில கிடையாது, கிழவி. பதிவு மட்டும்தான் வரும். அதுதானே முக்கியம்?"

"முக்கியமா? யோவ், தண்ணி அஞ்சு மீட்டர் இருந்துச்சுன்னு ஆத்துக்கே தெரியும்! நான் பேசினது எங்கய்யா? வெள்ளிக்கிழமை அவன் கடைய மூடினா என் பதினோரு வருஷம் போச்சு!"

கட்டிய நாளிலிருந்து இந்த மனிதரோடு நான் பேசியது என்று காட்ட எனக்கு வேறு என்ன இருக்கிறது? கதவை அறைந்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மூன்று நாள் மாத்தே போடவில்லை. அவரே போட்டு, அவரே குடித்து, மறுபடி அந்தத் திரையோடு மல்லுக்கட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். என் பின்னூட்டம் ஒவ்வொன்றையும் தனிப் பதிவாக மாற்றி உள்ளே தள்ளியிருந்தார். எல்லாம் வந்திருந்தது. ஆனால் வேறு பெயர் சொல்லாவிட்டால் அந்தக் கருவி எல்லாவற்றுக்கும் அவர் பெயரையே போட்டுவிடும்.

"நீ ஒரு கழுதை, வால்டெமார். எழுதியவர்: வால்டெமார்."

"கூரை ஒழுகுது, உனக்கு ஆறுதான் பெருசு. எழுதியவர்: வால்டெமார்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டிய முப்பத்து நாலு வருடத்தில் ஒருநாள்கூட மன்னிப்புக் கேட்காதவர், ஐந்நூறு இடத்தில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நின்றார்.

"பேர மாத்திடறேன். சின்ன வேலைதான்" என்றார்.

"கை வச்ச, பாத்துக்க! அப்படியே இருக்கட்டும். ஊரே படிக்கட்டும்."

சிரித்துக்கொண்டே கீழே இறக்கிக்கொண்டு போனேன். நாலு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் பதிவு ஒன்றில் கண் நின்றது.

"காஸ்தோன் ஏர்போர்ட் பஸ் ஏறிட்டான். டெர்மினல்ல தனியா நின்னு கை காட்டினேன். நீ எங்க போன? எழுதியவர்: வால்டெமார்."

நான் எழுதியதிலேயே அவர் பதில் போடாத ஒன்று அதுதான்.

"இத மாத்து" என்றேன். "அங்க நின்னவ நான். உன் பேர் எதுக்கு?"

அந்தப் பதிவைத் திறந்தார். தன் பெயரை அழித்து என் பெயரை, "எல்பியா" என்று அடித்தார். மூடுவார் என்று பார்த்தேன். மூடவில்லை. பிறகு அதன் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"வந்திருந்தேன். பஸ் கிளம்புற வரைக்கும் டிக்கெட் கவுன்டர் பின்னாடி நின்னேன். அவனப் போகச் சொன்னது நீதான். உன் பக்கத்துல வந்து நிக்க எனக்கு மனசு வரல."

படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன்.

"தள்ளு. நான் இதுக்குப் பதில் சொல்லணும்."

"இதுல உனக்கு எழுத இடம் கிடையாது, கிழவி."

"தெரியும். வாயாலதான் சொல்லப்போறேன். இந்தப் பக்கம் திரும்பு" என்றேன்.