குப்பையில் கிடந்த தும்பி

சிங்கப்பூரின் ஈசூனில் நான் பெருக்கும் அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள் அதிகம். டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கியபோது, கூட்டி அள்ளுவதற்கு முன் நல்ல காய்களையும் உதிர்ந்த, குன்றிமணி போன்ற சிவப்புச் சாகா விதைகளையும் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். பூங்காவில் எடுத்தால் யாராவது கேள்வி கேட்பார்களோ என்று பயம். நான் பெருக்கும் இடத்தில் கிடப்பதை எப்படியும் நான்தான் அள்ள வேண்டும், அதனால் அங்கே மட்டும் எடுத்தேன்.

மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. விவாகரத்துக்குப் பிறகு அவர்கள் தங்கள் தாயாரோடு பாசிர் ரிஸில் இருக்கிறார்கள். எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான். விடுமுறைக்கென்று புதன்கிழமையும் தருவதாக அவளே சொன்னாள். ஏன் தந்தாள் என்று அப்போதே யோசித்தேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது காரணம் தேடுவாள் என்று உள்ளுக்குள் பட்டது.

என் ஓரறை வீட்டில் தரையில் நாளிதழை விரித்து உட்காருவோம். ஐந்து குச்சிகளைக் கம்பளி நூலால் கட்டினால் நட்சத்திரம். பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, காய்த் துண்டுகளைக் காலாக ஒட்டினால் ஆமை. மகன் எல்லாவற்றுக்கும் கண் வைப்பான். நட்சத்திரத்துக்குக்கூட இரண்டு கண் வைத்தான். மாலையில் பைக்குள் போட்டு, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பிள்ளைகளை அவர்கள் தாயாரிடம் ஒப்படைப்பேன். அவள் பையை வாங்கி உள்ளே பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள்.

இரண்டு வாரம் கழித்து மகளிடம் ஆமையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அவள் அவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"இருக்குப்பா," என்றாள்.

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன், அவள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். காசு கொடுத்து வாங்காத பொருளை, அதுவும் நான் செய்ததை, அவள் வீட்டில் வைப்பாளா? முதலில் பொருள் போகும், பிறகு புதன்கிழமை போகும், பிறகு நான் போவேன். இப்படித்தான் என் கணக்கு ஓடியது.

முன்பு என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இப்போது பாசிர் ரிஸில் அவள் இருக்கும் புளோக்கிலேயே துப்புரவு வேலை பார்க்கிறார். குழாய் வழியாக மாடிகளிலிருந்து விழும் குப்பையெல்லாம் கீழே அவர் கையில்தான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, கிளாஸைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். முந்தின நாள் செய்த தும்பியின் அடையாளத்தையும் சொன்னேன்: நீளக் காய் உடம்பு, இலைச் சிறகு, கழுத்தில் மஞ்சள் ரஃபியா பிளாஸ்டிக் கயிறு.

"உன் பழைய பொண்டாட்டி வீட்டுக் குப்பைய நான் கிளறணுமா? நல்ல வேலைலா தம்பி," என்று சிரித்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மீ கோரேங் நூடுல்ஸ் கட்டிய தாளுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவே எங்கள் தும்பி. ஒரு சிறகு இல்லை. மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். நான் நினைத்தது சரியாகிவிட்டதில் ஒரு திருப்திதான் முதலில் வந்தது. அதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் பிள்ளைகளைப் பேரங்காடிக்குக் கூட்டிப் போய்க் குளிர்சாதனக் காற்றில் சும்மா நடக்க விட்டேன். இன்றைக்கு ஒட்டவில்லையா என்று மகன் மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறை என் வாய் தவறியது.

"எதுக்கு? எப்படியும் அம்மா குப்பையில போடுவாங்க."

அவன் அழவில்லை. மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மாலையில் நிலையத்து வாசலில் தாயாரைக் கண்டதும் மகன் ஓடிப் போய் நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். அவள் பிள்ளைகளைப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"உங்க காய்லேர்ந்து பூச்சி வந்துச்சு. அரிசி டப்பா வரைக்கும் போயிருச்சு," என்றாள். "சொன்னா வருத்தப்படுவீங்கன்னு பிள்ளைங்கள சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். ஆமை, நட்சத்திரம் எல்லாத்தையும் கவர்ல கட்டி ஃபிரிசர்ல வச்சிருக்கேன். குளிர்ல பூச்சி செத்துரும். அந்தத் தும்பி மட்டும் உள்ளயே மாவா உதிர்ந்துச்சு, அதைத்தான் போட்டேன்."

அவள் போகத் திரும்பினாள். பிறகு நின்றாள்.

"நான் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வராததால் கைப்பேசியைத் திறந்து படத்தை நீட்டினேன். அவள் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எங்க புளோக் குப்பைத் தொட்டி. ஆள் வச்சுப் பாத்தீங்களா?"

தலையாட்டினேன். அவள் முகம் சிவந்தது. இனி சனிக்கிழமைகூட இல்லை என்று நினைத்தேன். அவள் அப்படிச் சொல்லியிருந்தால் அது நியாயம்தான். இன்னும் எதையெல்லாம் பார்க்கச் சொன்னேன் என்று கேட்டாள். தும்பியை மட்டும்தான் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

"அடுத்த புதன் பிள்ளைங்கள உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேணாம்," என்றாள். கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள். "நீங்க எங்க வீட்டுக்கு வந்து செய்ங்க. நான் லீவு போட்டுட்டு இருப்பேன். கொண்டு வர்றத முதல்ல நான் பார்ப்பேன்."

அன்று இரவே பெரியவருக்குப் போன் செய்து, இனி எதையும் பார்க்க வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்த புதன்கிழமை மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக அந்த வீட்டுக்குள் போனேன். சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்திருந்தது. மகன் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய் ஃபிரிசரைத் திறந்து காட்டினான். மீன் பொட்டலத்துக்கு மேலே ஆமை இருந்தது, ஓட்டில் பனி. நட்சத்திரம் எங்கே என்று என் கண் தேடியது. அடியில் இருந்தது.

மேசைக்குத் திரும்பியதும் டின்னை அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒவ்வொரு காயாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பிள்ளைகள் பக்கம் தள்ளினாள். ஒன்றை மட்டும் தனியாக ஒதுக்கினாள். அவள் மகளுக்குப் பசை திறந்து கொடுக்கக் குனிந்த நேரத்தில், அந்தக் காயை நான் எடுத்துப் பார்த்தேன். குண்டூசி முனை அளவுக்குப் பூச்சி துளைத்த ஓர் ஓட்டை இருந்தது.

அவள் ஒதுக்கி வைத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.