வெறுமனே திரும்பாத கூடை

எங்கள் வீட்டில் கறி எடுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது என்றால், சொந்தத்தில் யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது அது புரட்டாசி மாதமாக இருக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், இந்த இரண்டும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்மா புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள். கறி எங்கே என்று கேட்டேன். "நல்ல காரியமா போறப்போ கறி எதுக்குடி?" என்றாள். தாம்பரத்துக்கு அப்பால் வெட்டவெளியில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பதில் நல்ல காரியம் எங்கிருந்து வந்தது என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மசால் வடைக்கு அரைத்த மாவு பக்கத்தில் இருந்தது. என் கவனமெல்லாம் அதில்.

வெட்டவெளி என்றேனே, அது எங்கள் மனை. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிப் போட்டது. தொண்ணூறுகளில் தியாகராய நகர்ச் சந்துகளில் வாடகைக்கு இருந்த எல்லோருக்கும் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மனை இருந்தது, இல்லாவிட்டால் மனை வாங்கும் கனவாவது இருந்தது. வீடு கட்டத் தெம்பில்லை. ஆனால் மனையை யாராவது சுருட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் மாதம் ஒருமுறையாவது குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். எல்லைக் கற்கள், ஒரு புங்கமரம், கொஞ்சம் தள்ளிப் பனைமரங்கள், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஏரி. மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையை விட்டால் தொலைந்துபோவேன் என்று பயந்து வளர்ந்த எனக்கு, அங்கே போய் இஷ்டத்துக்கு ஓடுவது பெரிய சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த மரத்தடியில் இலையைப் பிரிக்கும்போது வரும் புளிச்சோற்று வாசனை. அதே சோறு வீட்டில் ஏன் அப்படி மணப்பதில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஞாயிறின் விசேஷம் அத்தைதான். அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள், ஒரு கம்பெனியில் டைப் அடித்தாள். மிச்ச நேரமெல்லாம் ஒயர்க் கூடை பின்னினாள். ரங்கநாதன் தெருவில் ஒயர்க் கட்டு வாங்கி வந்து, கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே முடிச்சுப் போட்டுக்கொண்டு போவாள். எங்கள் சந்தில் காய்கறி வாங்கப் போகிற ஒவ்வொரு கையிலும் அவள் கூடை தொங்கியது. எனக்கும் ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள். பச்சையும் மஞ்சளும் கலந்து, பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோக அளவாக. கைப்பிடி மட்டும்தான் பாக்கி.

அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள், பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டார்கள், நடந்து காட்டச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக வந்த கூட்டம் இரண்டாம் முறை பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அன்று அத்தை தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே தட்டைத் தூக்கிக்கிட்டு நான் வந்து நிக்க மாட்டேன் அண்ணி. வேணும்னா பஜ்ஜிய மட்டும் வெளிய அனுப்புங்க. அதைப் பார்த்துட்டுப் போகட்டும்."

சித்தப்பாவின் மூளை சும்மா இருக்குமா? அவருடைய ஆபீசில் வேலை பார்த்த ஓர் அம்மாளுக்கு ஆழ்வார்பேட்டையில் வீடு, கல்யாணமாகாத ஒரு தம்பி. தம்பிக்கும் பெண் பார்க்கப் போவதென்றால் வேப்பங்காய். சித்தப்பாவும் அந்த அம்மாளுமாகச் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். தம்பியிடம், ஒரு மனை விலைக்கு வருகிறது, போய்ப் பார்க்கலாம் என்று சொல்வது. அத்தையிடம், வழக்கம்போல மனைக்குப் போகிறோம் என்று சொல்வது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா அத்தையிடம் புதுச் சேலையைக் கட்டிக்கொள்ளச் சொன்னதும், "புல்லுல உட்காரப் புதுச் சேலையா?" என்று கேட்டுவிட்டு அத்தை அதையே கட்டிக்கொண்டு வந்ததும்தான்.

புங்கமரத்தடியில் நாங்கள் ஜமக்காளம் விரித்த கொஞ்ச நேரத்தில் அக்காளும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். "அடடே, நீங்களா!" என்று சித்தப்பா ஆச்சரியப்பட்டார். நாடகத்தில் நடிக்க விட்டிருந்தால் முதல் காட்சியிலேயே தக்காளியடி வாங்கியிருப்பார்.

தம்பியோ வந்த வேலையில் கண்ணாக இருந்தார். நெற்றி கொஞ்சம் ஏறிய, கண்ணாடி போட்ட மனுஷர். மனையைக் காலால் அளந்தார். மண்ணை அள்ளிப் பொடித்துப் பார்த்தார். பெரியவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டதால், கைப்பிடி பின்னிக்கொண்டிருந்த அத்தையிடம் வந்து நின்றார்.

"தண்ணி எத்தனை அடியில வரும்?"

"தெரியாது. நாங்க இங்க சோறு திங்கத்தான் வர்றோம்" என்றாள் அத்தை, தலை நிமிராமல்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை இலையைப் போட்டுப் புளிச்சோறு வைத்தாள், பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் வடையும். அவர் சாப்பிட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். கொஞ்சம் கழித்து, "வெந்தயத்தை வறுத்துப் பொடிச்சுப் போட்டிருக்கீங்க" என்றார். அத்தை அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் வீட்டில் பஜ்ஜி தின்றவர்கள் யாரும் அதில் என்ன போட்டிருக்கிறது என்று கவனித்ததே கிடையாது.

கையைக் கழுவிவிட்டு வந்து கூடையை எடுத்து இழுத்துப் பார்த்தார். "இது அரிசி வெயிட் தாங்குமா?"

"நீங்க ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும்."

கூடையை என்ன செய்துவிடுவாரோ என்று நான் அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தவர் போய் ஒரு பனையோலைக் கீற்றைக் கிழித்து வந்தார். மடித்து, கருவேல முள்ளைக் குத்தி, ஒரு காற்றாடி செய்து கொடுத்தார். அது சுற்றியது. நல்லவர்தான் என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு சாயங்காலம்வரைதான் நிலைத்தது. கிளம்பும்போது அத்தை மிச்சமிருந்த புளிச்சோற்றையும் வடையையும் எங்கள் தூக்கில் போட்டு, அந்தத் தூக்கைக் கைப்பிடி முடிந்த என் புதுக் கூடையில் வைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டாள். ரயிலில் நான் அழுத அழுகைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் முறுக்கு கொடுத்தார்.

"வரும்டி" என்றாள் அத்தை. "பாத்திரம் குடுத்தா திரும்பி வரும். வெறுமனேயும் வராது."

அடுத்த ஞாயிறே வந்தது. அவரே கொண்டுவந்தார், தூக்கு நிறைய அதிரசத்தோடு. கூடவே அவர்கள் வீட்டு ஜாடி ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய். ஜாடியைத் திருப்ப வேண்டுமே? பருப்புப்பொடி போட்டு அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். அதோடு எங்கள் வீட்டுச் சம்படத்தில் முறுக்கு. சம்படம் திரும்பி வரும்போது கூடவே அவர்கள் வீட்டுக் கிண்ணம். இப்படியே எங்கள் பாத்திரம் ஒன்று அங்கேயும் அவர்கள் பாத்திரம் ஒன்று இங்கேயுமாக இருந்துகொண்டிருந்தது. நடுவில் அல்லாடியது என் கூடை. வளர்ந்த மனிதர்கள் இத்தனை பேர் சேர்ந்து ஒரு பாத்திரக் கணக்கை முடிக்கத் தெரியாமல் தவிக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சல் தீரும்படி ஒரு காரியத்தைச் சித்தப்பா செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். அவர்கள் வீட்டுத் தூக்கு எங்கள் அடுக்களையில் இருந்தது. அத்தை கடைக்குப் போயிருந்தாள், அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நாமும் ஓர் உபகாரம் செய்வோமே என்று சித்தப்பா தூக்கை எடுத்துப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தார். கூடையில் வைத்தார், என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த அக்காள் கூடையை வாங்கினாள். தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். சித்தப்பாவோ, "நல்லா தேச்சுக் கொண்டாந்துகீறேன் பாருங்க! இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் பாக்கி ஒண்ணும் இல்ல!" என்று தமாஷாகச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். எங்களுக்குக் காப்பிகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை நான்தான் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வெறும் தூக்கையா குடுத்தீங்க? ஒரு பிடி சக்கரையாவது போடத் தெரியல? சம்பந்தம் வேணாம்னு சொல்றவங்கதானே அப்படி அனுப்புவாங்க!"

"இன்னா அண்ணி, ஒரு தூக்குல இவ்ளோ விஷயம் கீதா?" சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. "நாளைக்கு ஆபீசுல அவங்களைப் பார்த்து நான் சொல்லிடறேன்."

"நீ இதுவரைக்கும் சொன்னதே போதும் சின்னண்ணா" என்றாள் அத்தை.

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ரவை வறுபடும் வாசனை வந்தது. பிறகு நெய். பிறகு ஏலக்காய். அம்மா மெதுவாக எட்டிப் பார்த்தாள். "வாழைக்காய் இருக்கா அண்ணி?" என்று அத்தை கேட்டதும், அம்மா வாழைக்காயையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டியிருந்த சாதாரண வாயல் சேலையோடு, மஞ்சள் பையில் சம்படங்களை அடுக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அத்தை பஸ் ஏறினாள். ஆழ்வார்பேட்டையில் அந்த அக்காள் கதவைத் திறந்தாள்.

"பஜ்ஜி சொஜ்ஜி கொண்டாந்திருக்கேன்" என்றாள் அத்தை. "உங்க தம்பியைக் கூப்பிடுங்க. நான் பார்க்கணும்."

அக்காள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளிருந்து யாரென்று கேட்டபடி லுங்கியும் பனியனுமாக வந்த தம்பி, எங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடிப்போய் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

எல்லோரும் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம். அத்தை எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் நானே கேட்டேன்: "உங்களுக்குப் பாடத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றார் அவர், ரொம்பப் பயந்தவராக. "காத்தாடி செய்யத்தான் தெரியும்."

"நடந்து காட்டுவீங்களா?"

அத்தை என் தொடையில் கிள்ளினாள். அவர் எழுந்து நிஜமாகவே கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். அக்காளுக்குச் சிரிப்பில் புரையேறியது. கிளம்பும்போது அத்தை அவரைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றாள். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

அக்காள் உள்ளே போய் என் கூடையைக் கொண்டுவந்தாள். கனமாக இருந்தது. ரொம்ப நேரம் மரியாதையாகப் பொறுத்திருந்துவிட்டு, பஸ் பாண்டி பஜாரை நெருங்கும்போது மேலே போட்டிருந்த துணியை விலக்கிப் பார்த்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய், ஈரத் துணியில் சுற்றிய மல்லிகைப்பூ. அடிவரை துழாவியும் வேறு ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாம் எவ்வளவு சொஜ்ஜி கொண்டுபோனோம்? அவர்கள் வீட்டில் ஓர் அதிரசம்கூடவா இல்லாமல் போயிற்று?

"தின்ன ஒண்ணுமே வைக்கல அத்தை. சரியான கஞ்சப் பிசுநாறிங்க. இனிமே அங்க போக வேணாம்."

அத்தை சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூவில் ஒரு துண்டைக் கிள்ளி என் தலையில் வைத்து, கூடையை என் மடியில் நகர்த்தினாள். "இந்தாடி, உன் கூடை. இனிமே இதை யாருக்கும் குடுக்க மாட்டேன். நீயே வெச்சுக்கோ."

இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டேன். நாளைக்குப் பள்ளியில் எல்லோரிடமும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எனக்கு அத்துபடிதான். ஆனால் இந்தக் கூடைக்குப் பதிலாக எங்கள் வீட்டிலிருந்து என்ன போகப்போகிறது என்பது, அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்த எனக்கு அன்று தெரியவில்லை.