வரம்புக்கு மேலே வெர்னா

“டேங்க்ல எவ்வளவு கெடக்கு?”

பெயர், பிறந்த தேதி எல்லாம் அப்புறம். எதிர் நாற்காலியில் ஆள் உட்காருவதற்கு முன்பே வெர்னா டேகிள் கேட்பது இதைத்தான். “கால்வாசி இருக்கும்னு நெனக்கிறேன்” என்று யாராவது இழுத்தால், “நெனப்ப ஊத்தி வீட்ட சூடாக்க முடியாது. டேங்க் முள்ளப் பாத்தீங்களா இல்லையா?” என்பாள். கொண்டையில் செருகிய பென்சிலை உருவிக்கொண்டே கேட்பாள். பார்க்கவில்லை என்றால் வீட்டுக்குத் தொலைபேசி போட்டுப் பார்க்கச் சொல்லும்வரை அடுத்த கேள்விக்குப் போக மாட்டாள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில், நகர்மன்றத்தின் கீழ்த்தளத்தில் அவள் மேசை. வருமானம் குறைந்த வீடுகளுக்கு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு அரசு உதவி வாங்கித் தருவது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. யார் வீட்டு டேங்கில் அரசாங்கச் செலவில் எண்ணெய் விழும், யார் வீட்டில் விழாது என்பது அவள் நிரப்பும் தாளில் இருக்கிறது. யாராவது அழுதால் எழுதுகிற கையை நிறுத்தாமல் முழங்கையால் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளிவிடுவாள். “அழுகைக்கு இதுல கட்டம் இல்ல. கரண்டு பில் கொண்டாந்தீங்களா?” நாக்கு உப்புத்தாள் என்று ஊரில் பேச்சு. ஆனால் அவள் எழுதிய மனு திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. காது மந்தமான ஹாலிஸ் கிழவர் வருமானத்திலிருந்து மருந்துச் செலவைக் கழிக்க மறந்துவிட்டால், அவர் சட்டைப்பையிலிருந்து ரசீதுகளை அவளே எடுத்துக் கழிப்பாள். வீடுகளுக்குச் சோதனைக்குப் போகும்போது, மனுவில் எழுதாத, சம்பாதிக்கிற மருமகனின் வண்டி கொல்லையில் நின்றால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

அவள் வீட்டுக்கு அந்த எண்ணெய் கிடையாது. மற்றவர்களுக்கு மனு எழுதித் தருகிற சம்பளம் அவளை வருமான வரம்புக்கு மேலே, மாதத்துக்கு நாற்பத்தொரு டாலர் மேலே, வைத்திருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் புதுத் தாள்கட்டு வந்ததும் முதல் தாளில் தன் பெயரைப் பென்சிலால் எழுதி, கட்டம் கட்டமாகக் கூட்டிப் பார்ப்பாள். பிறகு ரப்பரால் அழித்து, ஊதிவிட்டு, அதே தாளில் முதல் ஆளுக்கு எழுத ஆரம்பிப்பாள்.

வீட்டுச் சூட்டை ஃபாரன்ஹீட் கணக்கில் ஐம்பத்தெட்டு டிகிரிக்கு மேல் வைப்பதில்லை; ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாத குளிர் அது. செத்துப்போன கணவனின் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பாத்திரம் கழுவுவாள். சனிக்கிழமைகளில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் அரைநாள் உட்கார்ந்திருப்பாள். துவைக்கக் கொண்டுபோவது மூன்று துணி. சூடாக ஓடும் உலர்த்தும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து, பழைய வாரப் பத்திரிகையில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். கல்யாண வீட்டில் சில பெண்களின் கண் அடுத்தவள் கழுத்துக்குப் போவதுபோல. அறுபத்தெட்டு. எழுபது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து, “எழுபது” என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு சாவியைத் திருகுவாள்.

கொரீன் விஷயத்தில்தான் அது அவ்வளவோடு நிற்கவில்லை.

கொரீன் பள்ளியில் ஒரே பெஞ்சுக்காரி. அறுவடை விடுமுறையில் இருவரும் ஒரே கூடையில் உருளைக்கிழங்கு பொறுக்கியவர்கள். இப்போது விவாகரத்தாகி, ஊருக்கு வெளியே தனி வீட்டில் இருக்கிறாள். பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலை. இலையுதிர் காலத்தில் எண்ணெயை எரித்து அவள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் வெடிப்பு விட்டது. புதியது வைத்துத் தர மனு எழுதியவள் வெர்னா. மூன்று வாரம் மேலிடத்தோடு தொலைபேசியில் மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தவளும் வெர்னா. தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருபத்தேழு வயது ஃபர்னஸ் இருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் அதையும் செய்தாள்.

ஜனவரியில், புது ஃபர்னஸ் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனாள். வெளியே மூக்குமயிர் உறைகிற குளிர். கதவைத் திறந்த கொரீன் கையில்லாத சட்டை போட்டிருந்தாள். தெர்மோஸ்டாட் எழுபத்து நான்கு. அதைக்கூட வெர்னா தாங்கிக்கொண்டிருப்பாள். சமையலறை ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.

“ஜன்னலத் தொறந்து வச்சிருக்க.”

“பீன்ஸ் அடிப்பிடிச்சுப் போச்சுடி. பொகை போகட்டும்னு தொறந்தேன். உக்காரு, காப்பி போடறேன். அந்தக் கோட்டக் கழட்டேன், பாக்கறப்பவே எனக்கு வேர்க்குது!”

வெர்னா கோட்டைக் கழற்றவில்லை. உள்ளே இருந்த ஸ்வெட்டரின் முழங்கை கிழிந்திருந்தது. தான் வாங்கிக் கொடுத்த சூடு ஜன்னல் வழியாக வெளியே போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புது மெஷினு சத்தமே போடல பாத்தியா? பூனை மாதிரி கெடக்குது. நீயும் ஒண்ணு எழுதிப் போட்டுக்கயேன்.”

“எனக்குக் கெடைக்காது.”

“ஆமா, நீ உத்தியோகக்காரி” என்று கொரீன் சிரித்தாள். அதில் குத்தல் ஏதும் இல்லை. ஆனால் வெர்னா காப்பிக்குக் காத்திருக்காமல் கதவுப் பக்கம் திரும்பினாள்.

வெளியே வரும்போது வாசல் மிதியடியில் ஒரு ஜோடி ஆண்பிள்ளை பூட்ஸைப் பார்த்தாள். பெரிய அளவு. மேலே பனி ஒட்டியிருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல. வேறு எந்த வீடாக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பாள். இங்கே நின்று பார்த்தாள். ஆள் வைத்திருக்கிறாளா? சம்பாதிக்கிற ஆள், புது ஃபர்னஸ், திறந்த ஜன்னல்!

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொரீனின் கோப்பை எடுத்தாள். ‘மனுவில் குறிப்பிடாத ஓர் ஆண் வீட்டில் வசிப்பதாகத் தெரிகிறது. விசாரிக்கவும்.’ இரண்டு வரி. அதில் பொய் எதுவும் இல்லை, தன் வேலையைத்தான் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்ல வேண்டியிருந்ததே அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் மேலிடத்துக்கு அனுப்பினாள். அன்று இரவு சாப்பாடு ருசித்தது. அதற்காகவும் பிறகு வெட்கப்பட்டாள்.

பிப்ரவரி நடுவில் கொரீன் வரிசையில் வந்து நின்றாள். சட்டைக்கு மேல் சட்டையாக நான்கு போட்டு உடம்பு உருண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. கையில் மேலிடத்துக் கடிதம்.

“டேங்க்ல எவ்வளவு கெடக்கு?” வெர்னாவின் வாய் தானாகக் கேட்டது.

“முள்ளு படுத்துருச்சு. எண்ணெய நிறுத்திட்டாங்கடி. வீட்ல ஆம்பள இருக்கானாம்! யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. எந்த ஆம்பள, எங்க இருக்கான்னு சொன்னா நானும் போய்ப் பாத்துப்பேன்ல?”

வெர்னா பென்சிலைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது. “வாசல்ல… பூட்ஸு ஏதாச்சும்…”

கொரீன் ஒரு கணம் விழித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்த பூட்ஸா! அய்யோ, அது சர்ச்சு பழைய சாமான் விற்பனைல ரெண்டு டாலருக்கு வாங்கினதுடி. பக்கத்து வீட்ல கதவ ஒடச்சு உள்ள பூந்தாங்கல்ல? தனியா இருக்கேன்னு தெரிய வேணாம்னு வாசல்ல போட்டு வச்சேன். தெனம் காலைல அதும்மேல ரெண்டு கை பனிய வேற அள்ளிப் போடறேன், இப்பத்தான் வந்தாப்ல தெரியட்டும்னு. அவ்ளோ பெரிய காலு இந்த ஊர்ல எவனுக்கு இருக்கு, சொல்லு!”

சிரிப்பு அடங்கியதும் குரல் இறங்கியது. “மூணு வாரமா சமையலறைல அடுப்புக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு அங்கயே படுக்கறேன். யாருக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? நீ இருக்கியேன்னுதான் வந்தேன். நீ பாத்துப்பன்னு தெரியும்.”

வெர்னா அவசர எண்ணெய்க்கான தாளை எடுத்தாள். நூறு கேலன். எண்ணெய்க் கம்பெனியை அழைத்து, “நாளைக்கு இல்ல, இன்னைக்கி. இப்ப. வண்டி கெளம்பிருச்சுன்னு சொல்றவரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்” என்றாள். வைக்கவும் இல்லை. பிறகு மேலிடத்துக்கு மறு விசாரணை மனு. பூட்ஸ் விவரத்தை ஒரு வரி விடாமல் எழுதி, வீட்டில் இருப்பவர் ஒருவர் மட்டுமே என்று கையெழுத்திட்டாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. வரிசை முணுமுணுத்தது. “எல்லாருக்கும் உண்டு, நில்லுங்க” என்று நிமிராமலே சொன்னாள்.

“அவ்வளவுதானா? எண்ணெய் வந்துருமா?” கொரீன் கையுறைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நீ நல்லாருப்படி. உன் கைக்கு முத்தம் குடுக்கணும்.”

“உக்காரு.”

“ஏன், இன்னும் கையெழுத்து போடணுமா?”

மனுதாரருக்குக் கோப்பைக் காட்டக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வருடத்தில் வெர்னா ஒருமுறையும் காட்டியதில்லை. கோப்பைத் திறந்து, அடியிலிருந்த அந்த இரண்டு வரித் தாளை மேலே எடுத்துவைத்து, முழுக் கோப்பையும் கொரீன் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

கொரீன் குனிந்தாள். தாளைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

“கண்ணாடிய வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். என்ன எழுதியிருக்கு? நீயே படிச்சுச் சொல்லேன்.”

வெர்னா தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். ஸ்வெட்டர் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, காம்புகளை விரித்து, மேசைக்கு மேலே அவளிடம் நீட்டினாள்.