திறந்து பார்க்கச் சொன்ன அம்மா

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பாலக்கரை வாடிக்கையாளர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அழ வேண்டியதெல்லாம் அழுதுவிட்டேன். இங்கே பெருமை பேசத்தான் உத்தேசம்.

துறையூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர் அம்மா. அப்பா திடீரென்று காலமானபோது, பாலக்கரையில் அவர் நடத்திய மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடையை மூடிவிடச் சொல்லாதவர் இல்லை. அம்மா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். நானும் தங்கையும் படித்தது அந்தக் கடையால்தான்.

"சத்தம் வருதுங்க, என்னவா இருக்கும்?" என்று யார் கேட்டாலும், "திறந்து பார்க்காம சொல்ல மாட்டேங்க" என்பார். கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுப்பார். "உங்க மேல தப்பில்லங்க, இதான் கெட்டுது" என்று ஆறுதலும் சொல்லி அனுப்புவார்.

பிறகு மறதி வந்தது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மூளைச் செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம் உருமாறி, நூல் சிக்கு விழுவதுபோல் முடிச்சாகிறது என்றார் டாக்டர். வேறொரு புரதம் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறதாம். செல்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன.

"ஸ்கேன்ல ஓரளவுதாம்மா தெரியும். உங்க காலத்துக்கு அப்புறம் மூளையை எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும்" என்றார்.

"அப்போ திறந்து பாருங்க டாக்டர். பார்த்துட்டு என் பொண்ணுங்ககிட்ட காட்டுங்க" என்றார் அம்மா. நினைவு தெளிவாக இருந்த அந்த நாட்களிலேயே மூளை தானத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம்!

நோய் முற்றியபோது, பார்க்க வந்த தம் ஒரே தம்பியை, எங்கள் துறையூர் மாமாவை, "என் ஸ்க்ரூடிரைவரைத் திருடினவன்தானே நீ? போய்யா வெளியே" என்று விரட்டிவிட்டார். மாமா நொறுங்கிப் போனார். "அத்தான் போனப்ப கடையை மூடச் சொன்னேன்ல, அந்தக் கோபம் அக்காவுக்கு இன்னும் போகல" என்று சொல்லி, வருவதையே நிறுத்திக்கொண்டார்.

அம்மா இறந்த அன்று, தாமதித்தால் தானம் வீணாகிவிடும் என்று மருத்துவர்கள் காத்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மாமா போனில் வெடித்தார். "அக்காவை முழுசா அனுப்பலேன்னா பொறந்த வீட்டுக் கோடி வராது, பார்த்துக்க."

தாய்வீட்டுக் கோடிச் சேலை இல்லாமல் ஒரு பெண்ணை வழியனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. ஆனாலும் நான் அம்மாவின் மகள். "அம்மா சொன்னதை மாத்த மாட்டேன் மாமா" என்றேன்.

கடைசியில் மாமா வந்தார், கோடியோடு. மூளையை எடுத்த பிறகும் துளியும் மாறாத அக்காவின் முகத்தைப் பார்த்தார். சேலையைப் போர்த்தினார். போர்த்திய கையோடு பஸ் ஏறிவிட்டார்.

சென்ற மாதம் ஆய்வின் படங்கள் வந்தன. மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். பெரிதாக்கிய படத்தில், செல்களுக்குள் கருகருவென்று முடிச்சுகள். நினைவுகள் பதியும் பகுதியில் அவை மொய்த்துக் கிடந்தன.

"அப்ப என்னைத் திருடன்னு சொன்னது?" என்றார் மாமா.

"அதுவும் இந்த நோயோட வேலைதாங்க. உங்க மேல கோபம் இல்ல" என்றார் டாக்டர்.

மாமா அந்தப் படத்தை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். "அக்கா மேல தப்பில்ல. இதான் கெட்டுது" என்றார். அம்மாவே பேசியதுபோல் இருந்தது எனக்கு.

பொறுமையாக விளக்கிய டாக்டருக்கும், அம்மாவை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்ட தங்கைக்கும், கடைச் சாவியைக் கேட்டு அம்மா எப்போது வந்து நின்றாலும் சிரித்த முகத்தோடு வீட்டில் கொண்டுவந்து விட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கும்தான். முதலாண்டுப் படையலுக்குச் சேலை எடுப்பது தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்.

"போன தடவை கோபத்துல எடுத்தேன்மா. என்ன கலர்னுகூடப் பார்க்கல" என்றார்.