மெடிக்கலில் போன அப்பாவு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாவது பிளாக்கில் அப்பாவு வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவர் பாய்லர் ஆபரேட்டர். பத்தொன்பது வயதில் கரி அள்ளிப் போடும் கூலியாக உள்ளே போனார். சர்டிபிகேட் பரீட்சையை இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை தேறினார். முப்பத்தைந்து வருடம் அந்த வெக்கையிலேயே வெந்தார். குடி உண்டு, சம்பளத்தன்று மட்டும். சீட்டாட்டம் கிடையாது. பொய் சொல்ல வராது. இந்தக் கடைசி விஷயத்தை வீட்டிலிருந்தவர்கள் நினைவில் வைத்திருந்தால் இப்போது இதைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

இரண்டாயிரத்தொன்றாம் வருடம், ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். பாய்லருக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறந்தோமா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. சாதாரண மறதி என்றால் யோசித்துப் பிடித்துவிடலாம். இது அப்படியில்லை, கடந்துபோன அந்த அரை மணி நேரமே அவரிடம் இல்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் பாய்லர் வெடித்திருக்கும், ஷிப்டில் இருந்த பதினோரு பேரும் அதோடு போயிருப்பார்கள். வால்வைத் திறந்துவிட்டு, நேராகச் சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைத் தானே சொன்னார்.

சொன்னது வினையாகிவிட்டது. அந்தக் கம்பெனியில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஐம்பத்தைந்து வயது நிறைவதற்குள் ஒரு தொழிலாளியால் இனி வேலை செய்ய முடியாது என்று கம்பெனியின் மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால், அவர் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். அதற்கு ‘மெடிக்கலில் போவது’ என்று பெயர். முந்தின வருடம் இடுப்பு போய்விட்டது என்று மெடிக்கலில் போன ஒருவர் காசிமேட்டில் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தார். காது கேட்காது என்று போன இன்னொருவர், கேரம் ஆடும்போது யாராவது பின்னால் முணுமுணுத்தால்கூடச் சண்டைக்கு வருவார். அப்பாவுவுக்கு ஐம்பத்தைந்து நிறைய எட்டு மாதம்தான் இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு மனிதன் ஞாபகம் போகிறது என்றால் எவன் நம்புவான்? கேன்டீனில் எல்லோரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

யூனியன் செயலாளர் மண்ணாங்கட்டி அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடு தேடி வந்துவிட்டார்.

“மாமு, இடுப்பு வலின்னா எக்ஸ்ரேல தெரிஞ்சிபூடும். இதுல இன்னா தெரியும்? சரியான ஐட்டமா பாத்து புட்ச்சிக்கீற” என்றார்.

அப்பாவுவின் மனைவி சொக்கம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மகன் அன்பரசன் ஐ.டி.ஐ. முடித்து ஒன்பது வருடமாக ஹார்பரில் காண்டிராக்ட் கூலியாக மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நிரந்தர வேலை இல்லை என்று நான்கு பெண் வீட்டார் தட்டிக்கழித்துவிட்டார்கள். ஊரிலிருப்பவன் எல்லாம் பிள்ளைக்கு வழி பண்ணுகிறான், நீ மட்டும் அரிச்சந்திரனாட்டம் உட்கார்ந்திருக்கிறாயே என்று அவள் புருஷனை வருடக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தாள். இப்போது மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவர் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தார். “சத்தியமா நடிக்கலடி. நெஜமாவே மறந்து பூடுது. பயமா கீது.”

“எங்கிட்டயே ஒத்திக பாக்கிறியா?” என்று அவள் சிரித்தாள்.

கம்பெனி டாக்டர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த நரம்பு டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த மெஷினுக்குள் கேட்கிற சத்தத்தில் பாதிப் பேர் அலறிக்கொண்டு எழுந்துவிடுவார்களாம். முப்பத்தைந்து வருடம் பாய்லர் பக்கத்தில் நின்றவருக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? அப்பாவு உள்ளேயே தூங்கிவிட்டார்.

படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி டாக்டரம்மா விளக்கினார். தாயும் மகனும் பக்கத்தில் நின்றார்கள்.

“காதுக்கு நேர் உள்ளே, ரெண்டு பக்கமும் ஒரு சின்னப் பகுதி இருக்கு. புதுசா நடக்கிறதை எல்லாம் அதுதான் பிடிச்சு வைக்கும். உங்க வயசுக்கு அது ரொம்பவே சுருங்கியிருக்கு. பெரிய நோய் இப்பவே வந்துடுச்சுன்னு நான் சொல்லல. ஆனா மறதியும் இருந்து, படமும் இப்படி இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு மூணு நாலு வருஷத்துல வந்துடுது. வந்தா, வீட்டு ஆளுங்களையே அடையாளம் தெரியாமப் போகலாம். உறுதியா வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது.”

பாய்லர் வேலை இனி வேண்டாம் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார். அப்பாவு மனைவியின் முகத்தைப் பார்த்தார். இதற்கு மேலுமா நம்பாமல் இருப்பாள்? சொக்கம்மாளின் முகம் பூரித்துக் கிடந்தது. ஸ்கேன் ஆட்களிடம் பேசிவிட்டேன் என்று மண்ணாங்கட்டி முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவர் யாரிடமும் பேசவில்லை, நல்லது எது நடந்தாலும் தன்னால்தான் என்று சொல்லிக்கொள்வது அவர் பிழைப்பு. அது இவர்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, அந்த டாக்டரம்மாகூட எவ்வளவு தத்ரூபமாகப் பேசினார் என்று அன்பரசன் வியந்தான்.

சாவு வந்தால்கூட நாலு பேர் கூடி அழுவார்கள். தன் வீட்டிலேயே, எல்லோர் கண் முன்னாலும், தொலைகிறோம் என்பதுகூட யாருக்கும் தெரியாமல் தொலைவதை அப்பாவுவால் தாங்க முடியவில்லை.

போர்டுக்கு முந்தின வாரம் முழுவதும் பயிற்சி நடந்தது. வருடம் கேட்டால் தொண்ணூற்றைந்து என்று சொல்ல வேண்டும், பிள்ளைகள் எத்தனை என்றால் நாலு என்று சொல்ல வேண்டும் என்று அன்பரசன் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தான். அப்பாவு தலையாட்டினார். ஆனால் எதைக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். நடிப்பை விட்டுவிட்டு நேராகப் பதில் சொன்னால் தன்னிடம் மிச்சமிருப்பது எவ்வளவு என்று தனக்காவது தெரிந்துவிடுமே என்று ஒரு நப்பாசை.

மூன்று டாக்டர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இது என்ன வருடம் என்று கேட்டார்கள். தொண்ணூற்றைந்து என்று வாய்வரை வந்தது. அது பையன் சொல்லிக் கொடுத்தது, ஆகவே பொய். அப்படியானால் நிஜம் எது? தேடினார். அங்கே ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விக்கு இரண்டு என்று சரியாகச் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். மகன் பெயரைச் சொன்னார். மகள் பெயரைக் கேட்டார்கள். மகள் முகம் தெரிந்தது. மீஞ்சூரில் கட்டிக் கொடுத்தது தெரிந்தது, அங்கே போக எந்த ரயில் என்பதும் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. பெற்ற மகளின் பெயர். அப்பாவு மூன்று பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அன்பரசன் அவர் வெளியே வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டான். “நைனா, கடசீல அழுத பாரு, அதான் டாப்பு.”

தை மாதம் அன்பரசன் வேலையில் சேர்ந்தான். சொக்கம்மாள் கேசரி கிண்டிப் பிளாக் முழுக்கக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

“எல்லாம் முட்ஞ்சி போச்சுய்யா. இனிமே யாருக்கும் பயப்பட வேணாம். போதும், நிறுத்திக்க. பழையபடி ஆயிடு.”

இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாமா என்று அவர் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

“சரி” என்றார்.

அன்று முதல் நடிப்பு ஆரம்பமானது. மற்றவர்கள் சிரித்தால் சிரித்தார். படியேறி வரும் பெண்களை எல்லாம் ‘வாம்மா’ என்றார், ஆண்களை எல்லாம் ‘இன்னா தோஸ்து’ என்றார். எதைக் கேட்டாலும் ‘அதான் தெரியுமே’ என்று ஒரு பதில் வைத்துக்கொண்டார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து டாக்டரம்மாவைப் பார்க்கவும் போகவில்லை. வேலை கிடைத்த பிறகு அங்கே என்ன வேலை என்று சொக்கம்மாள் கேட்டாள். மனிதர் ரிட்டயர்டு வாழ்க்கையில் நன்றாகத் தேறிவிட்டார் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு வருடம் அவர் அப்படியே தள்ளினார்.

பிறகு ஒரு காலையில் சொக்கம்மாள் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மரியாதையாக எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உக்காருங்கம்மா. உங்க வூட்டுக்காரரு எந்தக் கம்பெனில கீறாரு?”

சொக்கம்மாள் சிரித்தாள். இன்னும் எதற்கய்யா இதெல்லாம், விட்டுவிட்டதாகச் சொன்னாயே என்றாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அவள் சிரிப்பு நின்றது. அவர் நிறுத்தவில்லை, அவள் முகத்தைப் பார்த்தபடி, பதிலுக்குக் காத்துக்கொண்டு, சிரித்தபடியே நின்றார்.

அன்றைக்குத்தான் அவர் சொன்னதைச் சொக்கம்மாள் நம்பினாள். அவள் நம்பிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.