சூசை மாட்டிய கொக்கி

ராசாத்தியின் வலது கை போனதற்குக் காரணம் நான். சூசை அல்ல.

இந்த இரண்டு வரிகளை எழுதப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது எனக்கு. விபத்து என்றார்கள். கவனக்குறைவு என்றார்கள். விதி என்றும் சிலர் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முழு உண்மையும் தெரிந்த ஒரே ஆள் நானாயிருந்தும் தலையாட்டினேன்...

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தலையெடுத்துக்கொண்டிருந்த அறுபதுகளில், அங்கே ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளனாக வேலைக்குச் சேர்ந்தேன். கோப்பைகளும் ஜாடிகளும் செய்தோம். பிறகு கரண்டுக் கம்பங்களில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் குமிழ்களும் செய்யத் தொடங்கினோம். கல்லை அரைக்கும் உருளை முதல் சூளையின் ஊதுவிசிறி வரை அத்தனையும் என் பொறுப்பு.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தேன். எந்த நாளில் வந்து இறங்கியது, எப்போது எண்ணெய் போட்டோம், எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது, எது மாற்றப்பட்டது... பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிப்பதைப்போல, வந்த நாள் முதல் பழைய இரும்பாகிப் போகும் நாள் வரை எழுதவேண்டிய புத்தகம் அது. மற்ற ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். என் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

களிமண்ணைப் பிசைந்து, அதிலுள்ள காற்றை நீக்கி, கெட்டியான உருளையாக வெளியே தள்ளும் இயந்திரத்தைப் பக் மில் என்போம். எங்கள் ஆலையில் அதை ஓட்டியவன் சூசை. கருவேப்பிலங்குறிச்சிக்காரன், முப்பது வயது இருக்கும். மேல்வாயில் மண்ணை அள்ளிப் போடுவதும், அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்தியதும் உள்ளே கைவிட்டு, கத்திகளில் ஒட்டிய மண்ணை வழித்தெடுப்பதும் ராசாத்தியின் வேலை. அவளும் அதே ஊர்தான். கணவனை இழந்தவள், அவளுக்கு ஒரே மகள். சூசைதான் அவளை ஆலைக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டான்.

கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டிலிருந்து ஒரு தோல் பெல்ட் இறங்கி வந்து அந்த இயந்திரத்தைச் சுற்றும். கீழே அருகருகே இரண்டு சக்கரங்கள். பெல்ட் ஒன்றில் இருந்தால் இயந்திரம் ஓடும். பக்கத்துச் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் அது மட்டும் வெறுமே சுழலும், இயந்திரம் நின்றுவிடும். தள்ளுவதற்கு ஒரு நெம்புகோல். அந்த நெம்புகோல் மறுபடி நகர்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. உள்ளங்கையளவு இரும்பு. உள்ளே கைவிடுகிறவரின் உயிர் அதில்தான் இருந்தது.

அந்தக் கொக்கியின் முனை மழுங்கிவிட்டது என்று சூசை என்னிடம் மூன்று முறை சொன்னான்.

"சார், கொக்கி புடிக்க மாட்டேங்குது. தட்டித் தட்டித்தான் மாட்ட வேண்டியதா இருக்குது. ஒருவாட்டி வந்து பாருங்க."

"பாக்கறன் சூசை. குமிழ் ஆர்டர் முடியட்டும்."

ஏன் தள்ளிப்போட்டேன்? வேலை நேரத்தில் அதை மாற்றவேண்டுமானால் கூரைத் தண்டை நிறுத்தியாக வேண்டும். தண்டு நின்றால் அன்று ஆலையில் பாதி நின்றுபோகும். என் பராமரிப்பில் ஓராண்டாக வேலை நேரத்தில் ஒருமுறைகூடத் தண்டு நின்றதில்லை என்று ஆயுத பூசையன்று எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை இழக்க எனக்கு மனமில்லை, விடுமுறை நாளில் வந்து மாற்றவும் சோம்பல்... அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தீர்களா? இல்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. மாதந்தோறும் அந்தக் கொக்கியைச் சோதித்ததாகப் பதிவேட்டில் 'நல்ல நிலை' என்று எழுதிவந்தேன். சோதித்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்ததுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை, ஊர் மாதாகோயில் திருவிழாவுக்காகச் சூசை விடுப்பு எடுத்தான். பக் மில் அன்று ஓடவில்லை. ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. திங்கள் காலை வேலை தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்த அலறல் கேட்டது. கத்தி வழிக்க நிறுத்தியிருந்த இயந்திரம், கொக்கி நழுவி, ராசாத்தியின் கை உள்ளே இருக்கும்போதே ஓடிவிட்டது.

நான் ஓடிச் சேர்ந்தபோது சூசை பெல்ட்டைத் தள்ளி இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தான். ராசாத்தி நினைவிழந்து அவன் தோளில் சாய்ந்திருந்தாள். வெள்ளைக் களிமண் சிவந்து கிடந்தது. அவளை வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சூசையும் உடன் போனான். வேலை நின்றது. தண்டும் நின்றது. ஆட்கள் எல்லோரும் வாசலில் போய்க் கூடினார்கள்.

நான் மட்டும் உள்ளே தங்கினேன். என்ன செய்தேன் தெரியுமா?

சாமான் அறையிலிருந்து புதுக் கொக்கியை எடுத்துவந்தேன். எத்தனையோ மாதங்களாக அங்கே கிடந்த கொக்கி! பழையதைக் கழற்றினேன். அதன் முனை தேங்காய்ச் சில்லுப் போல வழுவழுவென்று இருந்தது. புதியதை மாட்ட இருபது நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம்... புதிதென்று பளிச்சிடாதிருக்க மசகும் மண்ணும் பூசினேன். பிறகு என் அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, சனிக்கிழமைத் தேதியிட்டு எழுதினேன்: 'பெல்ட் நெம்புகோல் கொக்கி மாற்றப்பட்டது. நல்ல நிலை.'

வழக்கம்போல அச்சடித்த எழுத்து.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். பதிவேட்டை மேலாளர் உரக்கப் படித்தார். ஆய்வாளர் கொக்கியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். 'ணங்' என்று கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"கொக்கி சரியா இருக்கு. நீ மாட்டலையா?" என்று சூசையிடம் கேட்டார்.

"மாட்டுனங்க. தட்டி மாட்டுனன். ஆனா அது தேஞ்ச கொக்கிங்க. சார்கிட்ட மூணு வாட்டி சொல்லியிருக்கறன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அமைதியாகச் சொன்னேன்: "நீ சொன்னதாலதான சூசை, சனிக்கிழம சாயங்காலமே தண்டு நின்னப்பறம் மாத்திட்டன். நீ அன்னிக்கி வரல."

சூசை கொக்கியருகே போனான். தூக்கினான், விட்டான். மறுபடி தூக்கினான், விட்டான். அவன் முகத்தில் முதலில் குழப்பம்தான் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏதோ இடிந்து விழுவதைப் பார்த்தேன். என்னைச் சந்தேகிப்பான், சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். அவனோ தன்னையே சந்தேகித்தான்.

"புதுக் கொக்கியா... தட்டி மாட்டுன மாதிரிதான் எனக்கு நெனப்பு. அது மத்த நாளு நெனப்போ என்னமோ... அப்ப நான் மாட்டாமதான் வுட்டிருப்பன் போலருக்குது சார்."

அவன் வாயாலேயே சொன்னான். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அந்த வாரமே அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நான் அப்போதாவது பேசியிருக்கலாமே என்பீர்கள். இன்னொரு வாய்ப்பும் வந்தது, கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு ராசாத்தியைப் பார்க்கப் போனேன். மணிக்கட்டுக்கு மேலே கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றாள்.

"சூச அண்ணன் மேல பழி போட்டாங்களாமே சார். அது கொக்கி மாட்டிச்சிங்க. ரெண்டு வாட்டி தட்டுன சத்தம் காதால கேட்டப்பறந்தான் நான் கைய வுட்டன்."



"வலியில அப்படித்தாம்மா தோணும். அதிகாரிங்ககிட்ட இதச் சொல்லிக் கொழப்பாத. நீ ஒடம்பு தேறி வா. ஒரு கையால செய்யற மாதிரி வேல நான் வாங்கித் தரன்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதைப் புரிந்துகொண்டாள்? இன்றுவரை எனக்குத் தெரியாது. மகளை வைத்துக்கொண்டு அவள் வேறென்ன செய்திருக்க முடியும்?

சொன்னபடி வேலை வாங்கித் தந்தேன். சுட்டெடுத்த கோப்பைகளைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டே விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலை. குறைக்கையால் கோப்பையை மார்போடு அணைத்து, இடக்கை விரலால் தட்டுவாள். அவள் காது ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று அந்தப் பிரிவில் சொல்வார்கள். அந்தக் காதை நம்பாதே என்றுதான் அவளிடம் நான் சொல்லியிருந்தேன்!

நான் பதவி உயர்ந்தேன். எழுபதுகளில் அந்தப் பக் மில்லுக்கும் வயதாகி, அதைக் கழித்துவிட முடிவாயிற்று. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். பேனாவைப் பிடித்தபடி ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அந்த இயந்திரத்தின் வாழ்நாளில் நடந்த ஒரே பெரிய சம்பவத்தைப் பற்றி அந்தப் புத்தகம் பொய் சொல்கிறது. திருத்த அதுவே கடைசி இடம்... 'தேய்மானம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆனாலும் அன்று ஏதோ ஒன்று என்னைப் பிடித்து உலுக்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கினேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நம்புங்கள்.

சூசை கூலிக்குக் கரும்பு வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. ராசாத்தி வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். துண்டால் பலகையைத் துடைத்துப் போட்டான்.

"ஒக்காருங்க சார். இவ்ளோ தூரம் வந்துருக்கீங்க. டீ போடச் சொல்றன்."

நான் பேச்சைத் தொடங்குமுன் அவனே தொடங்கினான்.

"எப்ப பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் அந்த ஒண்ணத்தான் சாமியாருகிட்ட சொல்றன் சார். அவரும், 'ஆண்டவரு எப்பவோ மன்னிச்சிட்டாரு, வுட்டுத் தள்ளு'ங்கறாரு. எனக்குத்தான் வுட மாட்டேங்குது."

என் பாவத்தை அவன் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தான். முழந்தாளிட்டு, ஆண்டுக்கணக்காக...

"ராசாத்தி என்னா சொல்லுது?" என்றேன்.

"அது, 'நீ மாட்டுனண்ணே, நான் கேட்டன்'னுதான் சொல்லுது. என் மனசு ஆறட்டும்னு சொல்லுது, வேறென்ன? நல்ல பொம்பள சார் அது." என் முகத்தைப் பார்த்தான். "ஆனா நீங்க பொய்யா எழுதற ஆளு கெடையாது. அதனால உங்ககிட்ட கேக்கறன். நீங்க சொன்னா ஒத்துக்குவன். நான் மாட்டுனனா சார், மாட்டலியா?"

உலகில் வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டான். நான் சொன்னால் நம்புவான். ஒரே சொல். 'மாட்டினாய்.'

அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. அதன் பின்னால் வரப்போகும் கேள்விகளும் வந்தன. 'அப்போ ஏன் சார்...?' அந்தக் கண்கள் மாறுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். உலகில் இன்னும் என்னை நேர்மையானவன் என்று நம்பும் ஒரு மனிதனை இழக்க வேண்டியிருக்கும்.

"பழசயெல்லாம் ஏன் சூசை கெளர்ற? வுட்டுடு" என்றேன்.

அவன் மெதுவாகத் தலையசைத்தான். தனக்கு வலிக்கக்கூடாது என்று நான் மறைப்பதாக எண்ணிக்கொண்டான் போலும். 'இவரும் நல்லவர்' என்ற நன்றி அவன் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் என்னால் இன்றளவும் தாங்க முடியவில்லை. டீயைக் குடித்தேன். ஆம், குடித்தேன். பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, ஏற்றிவிட்டு, "போயிட்டு வாங்க சார்" என்று கைகூப்பினான்.

கொக்கியை மாற்றாதது சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் பொய் எழுதியது பயம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததற்கு என்ன பெயர்? அன்று என்னை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் நிலையும் இல்லை. ஒரு மனிதன் தன் சுமையை இறக்கித் தருமாறு என்னிடம் கேட்டான். நான் அதை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

ஊர் அதிக தூரமில்லை. பஸ்ஸும் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

சூசைக்குப் படிக்கத் தெரியாது. இது அச்சாகி அவன் கைக்கே போனாலும், கரும்புக்காட்டில் சோறு மடிக்கும் காகிதமாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கொக்கியை மாட்டினான் என்பது ராசாத்திக்கு அன்றே தெரியும். அவனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.