ஆள் வராத கவுண்டர்

திருமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. சாம்பிள் எடுக்க இரண்டு கவுண்டர்கள். ஒன்றில் மும்தாஜ் அக்கா. அவர் குத்துவதே தெரியாது என்று ஊரெல்லாம் பேர். இன்னொன்றில் நான். ஃபாஸ்டிங் சுகருக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள்கூட அக்காவின் வரிசையில்தான் வாசல்வரை நின்றார்கள். டோக்கன் கொடுத்துப் பார்த்தோம். என் கவுண்டருக்கு அழைத்தால், பின்னால் இருப்பவரைப் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஒருநாள் ஓனர் கூப்பிட்டார். "ஏம்மா, ஒன் கவுண்டருக்கு ஆளே வரலைன்னா நான் என்ன செய்றது?"

கோபமாகக் கேட்கவில்லை. மாதக் கடைசிவரை பார்ப்போம் என்றார். நான் வீட்டில் மூச்சுவிடவில்லை.

அந்த வாரம்தான் பாண்டியம்மாள் வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் கணவர் அக்காவின் வரிசையில் இடம்பிடித்து, அந்தப் பிள்ளை புதுசு, இங்கே வா என்று கூப்பிட்டார். அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முன்னாடி நிக்கிறவுகளப் பாத்துத்தான் பின்னாடி வாரவுகளும் நிக்கிறாக. இந்தப் புள்ள எப்படிக் குத்தும்னு இதுல யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

ரப்பர் பட்டையைக் கட்டினேன். மொத்த வரிசையும் என் கையையே பார்த்தது. ஊசியை ஏற்றினேன். ரத்தக்குழாய் நழுவிவிட்டது. ரத்தம் வரவில்லை. கணவர் வரிசையை விட்டே வந்துவிட்டார். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, அக்காவிடமே போங்கம்மா என்றேன்.

அவர் எழவில்லை. மறுகையை நீட்டினார்.

"பதறாம எடு தாயி. இதுல நரம்பு நல்லாத் தெரியும்."

கிடைத்தது. ட்யூப் நிறைந்தது. அவர் எழுந்து போனதும், அக்காவின் வரிசைக் கடைசியில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மாதக் கடைசியில் ஓனர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது நான் வேறொரு லேபில் இன்சார்ஜ். புதிதாக யாராவது சேர்ந்தால், காலையில் கொஞ்ச நேரம் என் கவுண்டரைத் திறப்பதில்லை. இரண்டும் திறந்திருந்தால் சனம் பழகின கைக்குத்தான் போகும். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கை பழகவேண்டுமானால், அது எப்படிக் குத்தும் என்று தெரியாமலே யாராவது வந்து உட்கார்ந்தாக வேண்டும். எனக்கு ஒருவர் வந்தார். தவறிய பிறகும் இருந்தார். இன்றைக்கு எனக்கென்று ஒரு வரிசை நிற்கிறது. அதில் முதல் ஆள் அவர்தான்.